பாரிமுனை ஜி.பி.ஓ.: கடலைப் பார்த்து நிற்கும் கட்டடம், ரயிலில் வந்த தபால்

ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் செந்நிறக் கட்டடமான ஜி.பி.ஓ., அதாவது சென்னைத் தலைமைத் தபால் நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாகக் கோபுரங்களில் தொடங்கிக் கோபுரங்களிலேயே முடித்துவிடுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் அவைதான் முதலில் தெரிகின்றன, சரி. ஆனால் அந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள உதவும் கேள்வி வேறு. நகரத்தின் தலைமைத் தபால் நிலையத்தை ஏன் கடற்கரையில், கடலைப் பார்த்து, இவ்வளவு நீளத்துக்குக் கட்டினார்கள்?

கப்பலில் தபால் வந்தது, அதனால் கடற்கரையில் கட்டினார்கள் என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதிதான் சரி. கட்டடம் பயன்பாட்டுக்கு வந்த 1884-இல் லண்டன் தபால் மெட்ராஸ் கடற்கரையில் இறங்கவில்லை. பம்பாயில் இறங்கி, ரயிலேறி, சென்ட்ரலுக்கு வந்து சேர்ந்தது. கடலைப் பார்த்து ஒரு மாளிகையைக் கட்டி முடிப்பதற்குள் முக்கியமான கடிதங்கள் முதுகுப் பக்கமாக வரத் தொடங்கிவிட்டன. இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு போனால் கட்டடத்தின் வரலாறும் உருவமும் ஒருசேர விளங்கும் என்பது என் வாதம்.

கோட்டையிலிருந்து பிராட்வே வரை

மெட்ராஸில் பொதுமக்களும் பணம் கட்டிக் கடிதம் அனுப்பலாம் என்ற ஏற்பாடு 1786 ஜூன் 1-ஆம் தேதி தொடங்கியது. அதற்கு முன்பு தபால் என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்தக் காரியம். புனித ஜார்ஜ் கோட்டையின் கடல் வாசலுக்கு வெளியே சின்னதாக ஓர் அலுவலகம் போட்டார்கள். ஓர் எழுத்தர், கடிதம் பிரிக்க ஐந்து பேர், ஒரு தலைமைப் பியூன், பத்துத் தபால்காரர்கள். மொத்த ஊருக்கும் அவ்வளவுதான். கடிதத்துக்கான கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்கார அதிகாரிக்கும் கறுப்பர் நகரத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) வியாபாரிக்கும் மட்டுமே கட்டுபடியாகும் சேவை அது. மண்ணடியில் மூட்டை தூக்கியவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

1854-இல் இது தலைகீழாக மாறியது. புதிய தபால் சட்டப்படி, கால் தோலா (சுமார் மூன்று கிராம்) எடைக்குள் இருக்கும் கடிதத்துக்கு நாடு முழுக்க அரை அணா. தூரம் கணக்கில் இல்லை. காசிமேட்டிலிருந்து தங்கசாலைக்கு எழுதினாலும் அரை அணா, காசிக்கு எழுதினாலும் அரை அணா. தபால்தலையும் அந்த ஆண்டு அக்டோபரில் எல்லா மாகாணங்களுக்கும் பொதுவாக வந்தது. கடிதங்கள் குவிந்தன. 1856-இல் தபால் நிலையம் பிராட்வேயில் இருந்த கார்டன் ஹவுஸுக்கு இடம் மாறியது. பெயருக்கு ஏற்ற மாதிரி அது தோட்டத்தோடு கூடிய வீடு. குடியிருக்கக் கட்டிய வீட்டில் கடித மூட்டைகளை எத்தனை காலம் அடுக்க முடியும்?

அப்புறம் எட்டு ஆண்டுக்குள் நடந்ததைப் பாருங்கள். 1874-இல் புதிய கட்டடத்தின் வேலை தொடங்கியது. 1877-இல் வி.பி.பி., அதாவது பொருளைக் கொடுக்கும்போது தபால்காரரே அதன் விலையை வசூலிக்கும் முறை, வந்தது. 1879 ஜூலையில் கால் அணா கார்டு வந்தது. 1880 ஜனவரியில் மணியார்டரைத் தபால் துறை ஏற்றது. 1882 ஏப்ரலில் சேமிப்பு வங்கி. கொத்தனார்கள் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அந்தச் சுவர்களுக்குள் நடக்கவேண்டிய வேலையே பல மடங்காகப் பெருகிவிட்டது. பணம் கட்ட, பணம் வாங்க, பாஸ் புத்தகத்தில் பதிய என்று சனங்கள் நேரில் வந்து நிற்கவேண்டிய இடமாகத் தபால் நிலையம் மாறியது. கடிதம் போட ஒரு பெட்டி போதும். மணியார்டருக்குக் கவுண்டர் வேண்டும், வரிசை நிற்க இடம் வேண்டும், பணப்பெட்டிக்குப் பூட்டிய அறை வேண்டும். கட்டடத்தின் நடுவே உயரமாக எழும் அந்தப் பெரிய கூடத்தை ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கவேண்டும்.

யாருக்காகக் கடற்கரை?

அன்றைக்கு ராஜாஜி சாலையின் பெயர் முதல் கடற்கரைச் சாலை. சாலையைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் அலை. துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் தபால் பைகளையும் மசூலா படகுகள் கரைக்குக் கொண்டுவரும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதினால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். அலை இன்னும் மோசமாக இருந்தால் கட்டுமரக்காரர்கள் போவார்கள். ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகி, நனையாமல் கப்பலுக்கும் கரைக்கும் சேர்ப்பார்கள் என்று அக்காலப் பயணிகள் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். மெட்ராஸ் தபாலின் கதையில் அந்த மீனவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய இடம் கொடுக்கலாம். தபால்தலைக் கண்காட்சிகளில் தபால் பையோடு ஓடிய ஓட்டக்காரர்களின் ஈட்டியும் சலங்கையும் மட்டும்தான் காட்டப்படுகின்றன.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. இங்கிலாந்துத் தபாலுக்கு பம்பாய்தான் இந்தியாவின் வாசல் என்றாகிவிட்டது. 1871-இல் பம்பாயிலிருந்து வந்த தண்டவாளமும் மெட்ராஸிலிருந்து போன தண்டவாளமும் ராய்ச்சூரில் சேர்ந்தன. 1873-இல் சென்ட்ரல் நிலையம் திறந்தது. அடுத்த ஆண்டுதான் கடற்கரையில் தபால் நிலையத்துக்கு வேலை தொடங்குகிறார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

நன்றாகவே தெரியும். அவர்கள் கணக்கில் இருந்தது கப்பலைவிடக் கப்பல் வியாபாரிகள். முதல் கடற்கரைச் சாலையிலும் அதற்குப் பின்னால் இருந்த இரண்டாம் கடற்கரைச் சாலையிலும் வணிக நிறுவனங்கள் தோளோடு தோள் உரசி நின்றன. தெற்கு முனையில் பாரி கம்பெனி. பின்னால் தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு. அவுரி, தோல், பருத்தி என்று எந்தச் சரக்காக இருந்தாலும் விலை விவரம் கடிதத்தில்தான் வரும். கடிதம் அரை நாள் முந்திக் கிடைத்தவனுக்கு லாபம். 1836 முதல் இயங்கிவந்த மெட்ராஸ் வர்த்தக சபைக்குத் தபால் நிலையம் தங்கள் வாசலில் இருக்கவேண்டும் என்ற ஆசை இருந்ததில் ஆச்சரியமில்லை. தபால் எந்த வழியாக ஊருக்குள் வருகிறது என்பதைவிட, வந்த தபாலை யார் முதலில் பிரிக்கிறார்கள் என்பதுதான் இடத்தை முடிவு செய்தது.

சிசோம் போட்ட கணக்கு

வரைந்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம். 1840-இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக செனட் ஹவுஸுக்குமான வடிவமைப்புப் போட்டியில் வென்று 1860-களில் மெட்ராஸுக்கு வந்தார். மாநிலக் கல்லூரியை இத்தாலிய பாணியில் கட்டிய அதே ஆள், செனட் ஹவுஸில் குவிமாடமும் வண்ணக் கண்ணாடியும் வளைவுமாக வேறு பாதைக்குத் திரும்பினார். பிறகு திருவனந்தபுரத்தில் 1880-இல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகம். அங்கே கேரளக் கோயில்களின் சரிவுக் கூரையும் முகப்பு முக்கோணமும் அவருக்குப் பிடித்துப்போயிருக்கவேண்டும். மெட்ராஸ் தபால் நிலையத்தின் பழைய படங்களில் இரண்டு கோபுரங்களின் உச்சியிலும் திருவிதாங்கூர் சாயலில் கூரைத் தொப்பிகள் இருக்கின்றன. இன்று அவை இல்லை. இப்போது நாம் பார்ப்பது தலைப்பாகை கழற்றிய கோபுரங்களை.

அந்தத் தொப்பி போனதால் கட்டடத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம். கீழே கூர் வளைவுகளைப் பார்த்துவிட்டு, ஐரோப்பியத் தேவாலயத்தின் தம்பி என்று நினைத்துவிடுகிறார்கள். மேலே கேரளக் கூரை இருந்தவரை அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. பக்கத்தில் 1892-இல் முடிந்த உயர் நீதிமன்றத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவு. நீதிமன்றம் முகலாயக் குவிமாடங்களை அள்ளி இறைத்திருக்கிறது. சிசோமின் தபால் நிலையம் அதைவிட அடக்கம், நீளம், வேலைக்கான முகம். எனக்கு இரண்டில் இதுதான் பிடிக்கும். உயர் நீதிமன்ற ரசிகர்கள் மன்னிக்கவும்.

அளவுகளைப் பார்ப்போம். நீளம் 352 அடி, அகலம் 162 அடி, கோபுரங்களின் உயரம் சுமார் 125 அடி. நீளத்தை அகலத்தால் பெருக்கினால் 57,000 சதுர அடியைத் தொடும். கட்டடத்தின் பரப்பாகச் சொல்லப்படுவதோ சுமார் 55,000. உள்வாங்கிய பகுதிகளைக் கழித்தால் கணக்கு சரியாகவே வருகிறது. செலவு சுமார் 6,80,000 ரூபாய். ரூபாய்க்குப் பதினாறு அணா, அரை அணாக் கடிதம் என்றால் ரூபாய்க்கு 32 கடிதம். ஆக, இந்தக் கட்டடத்தின் விலை 2 கோடியே 17 லட்சத்து 60 ஆயிரம் கடிதங்களின் தபால்தலை. அன்றைய அரசு தபாலில் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தோன்றவில்லை.

நீளப் பக்கம் முழுவதையும் கிழக்கே, கடலுக்குக் காட்டியது அழகுக்காக மட்டும் இல்லை. மெட்ராஸில் நண்பகலை ஒட்டிக் கடல்காற்று கிளம்பும். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் அதுதான் ஆறுதல். மின்விசிறி இல்லாத காலம். நூற்றுக்கணக்கான ஆட்கள் நின்றபடி கடிதம் பிரிக்கவேண்டும், மெழுகும் அரக்கும் உருகும் நெடிக்கு நடுவே பை கட்டவேண்டும். கிழக்கு முகத்தில் வரிசையாகத் திறப்புகள், நடுவில் காற்று மேலேறிப் போக உயரமான கூடம். கடல்காற்று முன்னால் நுழையும், சூடான காற்று மேலே போகும். காலை வெயில் நேராக உள்ளே விழாதபடி ஆழமான வளைவுகளும் தாழ்வாரமும் நிழல் கொடுக்கும். கடிதத்தில் கிறுக்கலாக எழுதிய முகவரியைப் படிக்க வெளிச்சம் வேண்டும், ஆனால் கண் கூசக்கூடாது. தபால் பிரிப்பவரின் கண்ணை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு என்றே அதைச் சொல்வேன்.

இன்னொரு விஷயம், நீளம். தபால் வேலை ஓர் ஓட்டம். பை உள்ளே வரும், அவிழும், கொட்டும், ஊர்வாரியாகப் பிரியும், முத்திரை விழும், தபால்காரர் கைக்குப் போகும். இன்னொரு பக்கம் ஊர்க் கடிதங்கள் பெட்டியிலிருந்து வந்து எதிர்த் திசையில் போகும். இரண்டு ஓட்டமும் முட்டிக்கொள்ளக்கூடாது. உயரமாகக் கட்டினால் மூட்டையைப் படியேற்றவேண்டும். நீளமாகக் கட்டினால் தள்ளிக்கொண்டு போகலாம்.

கடல் பின்வாங்கிய கதை

கட்டடம் எழும்போதே எதிரே துறைமுகமும் எழத் தொடங்கியிருந்தது. 1875-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அதுவரை கட்டிய தடுப்புச் சுவர்களைச் சிதைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். துறைமுகச் சுவர் வந்ததும், தெற்கிலிருந்து வடக்கே ஓடும் மணல் தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து நின்று, ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. மெரினாவின் அகலத்தைப் பற்றிப் பெருமை பேசும் ஊர், அதற்கு வட சென்னைக் குப்பங்கள் கொடுத்த விலையை அவ்வளவாகப் பேசுவதில்லை. தபால் நிலையம் இந்த இரண்டுக்கும் நடுவில், துறைமுகத்துக்கு நேர் எதிரே மாட்டிக்கொண்டது. அதன் முன்னால் நிலம் நிரவப்பட்டு, கிடங்குகளும் தண்டவாளங்களும் வந்தன. 1931 மே மாதம் கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கடலைப் பார்த்த முகப்பு ரயிலைப் பார்க்கத் தொடங்கியது.

தபால் ஏற்கெனவே ரயிலுக்கு மாறியிருந்தது என்று பார்த்தோம். மிச்சமிருந்த கடல் வழித் தபாலும் ஒவ்வொன்றாக விலகியது. இலங்கைத் தபால் எழும்பூரிலிருந்து போட் மெயிலில், அதாவது இலங்கைக் கப்பலோடு இணையும் ரயிலில் ஏறியது; 1914 முதல் அது தனுஷ்கோடி-தலைமன்னார் வழியாகப் போனது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து டாடாவின் விமானத் தபால் பம்பாய், பல்லாரி வழியாக மெட்ராஸுக்கு வந்து இறங்கியது. கடலோரக் கட்டடத்துக்குக் கடைசிவரை கடல் வழியாகவே வந்த பெரிய வரத்து, பர்மாத் தபால்.

இதை வட சென்னைக்காரர்கள் மறக்க முடியாது. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனிலிருந்து மெட்ராஸுக்கு உள்நாட்டுத் தபால் கட்டணம்தான். ரங்கூன் ஆலையிலும் துறைமுகத்திலும் வேலை செய்த தமிழர்களின் கடிதமும் மணியார்டரும் கப்பலில் வந்து, இந்தக் கடற்கரையில் இறங்கி, ஊர் ஊராகப் பிரிந்து போயின. 1960-களில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது கடிதம் எழுதியவர்களே திரும்பி வந்தார்கள். அப்படி வந்தவர்களுக்காக 1969-இல் பர்மா பஜார் ஏற்பட்டது. எங்கே? அதே சாலையில், கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி. பின்னால் இரண்டாம் கடற்கரைச் சாலைப் பக்கம் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) விற்கும் வண்டிகள். தபால் நிலையத்தின் வரலாறு என்று எழுதும்போது அத்தோவைச் சேர்க்காமல் விட்டால் அது முழுமையாகாது என்று நான் பிடிவாதமாக நம்புகிறேன்.

மண்ணடி, பிராட்வேப் பக்கத்துப் பதிப்பகங்களும் மருந்துக் கடைகளும் வி.பி.பி.யை வைத்தே வெளியூர் வியாபாரம் செய்தவை. புத்தகம் தபாலில் போகும், தபால்காரர் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பார், பணம் மணியார்டராகத் திரும்பி வரும். இன்றைக்கு ஆன்லைன் கடைக்காரர்கள் 'டெலிவரியின்போது பணம்' என்று புதுசு மாதிரி சொல்வது 1877-இல் வந்த ஏற்பாடுதான்.

1972 ஆகஸ்ட் 15-இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தபோது நகரத்தின் முதல் எண், 600001, இந்தக் கட்டடத்துக்குக் கிடைத்தது. ராயபுரத்துக்கு 13, பழைய வண்ணாரப்பேட்டைக்கு 21, சவுகார்பேட்டைக்கு 79.

தீ, உப்பு, சிமெண்டு

2000 அக்டோபரில் கட்டடத்தில் பெருந்தீ பிடித்தது. உட்பகுதியும் கூரையும் கடுமையாகச் சேதமாயின. வெளிச்சுவர்களும் கோபுரங்களும் தாக்குப்பிடித்தன. இந்த வகைக் கட்டடங்களில் பலமும் பலவீனமும் எங்கே இருக்கின்றன என்பதை அது அப்பட்டமாகக் காட்டியது. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர் தீயைத் தாங்கும். மரச் சட்டங்கள், மரத்தளம், அதற்கடியில் பல தலைமுறைக் காகிதம், மேலே காலம்காலமாக இழுத்து இழுத்துச் சேர்த்த மின்கம்பிகள், இவை தாங்காது. தபால் நிலையத்தில் இருக்கும் சரக்கே எரிபொருள் என்பதையும் மறக்கக்கூடாது.

தீயைவிட மெதுவான எதிரி உப்பு. பாரிமுனையில் கட்டடம் வைத்திருக்கும் எவரிடமும் கேளுங்கள், உப்புக்காற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சு போட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் தங்கும். உப்பு பூத்து, செங்கல்லின் முகம் பொடியாக உதிரும். பார்க்கப் புதுசாக இருக்கும் பூச்சு, பத்துப் பதினைந்து வருடத்தில் பின்னால் இருக்கும் செங்கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். ஜார்ஜ் டவுன் முழுக்க இந்தத் தவறான வைத்தியத்தைப் பார்க்கலாம். அதோடு, கைப்பிடிச் சுவர் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்று. காக்கை போட்ட விதை, வேர் விட்டால் வளைவையே பிளந்துவிடும்.

அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையத்தோடு இதை ஒப்பிடலாம். அங்கே 1913-இல் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டரை 1915-இல் தபால் துறை வாங்கிக்கொண்டது. சினிமாக் கொட்டகையாகப் பிறந்து தபால் வேலைக்கு வந்த கட்டடம் அது. இப்போது தபால்தலைக் காட்சிக்கு அழகாகப் பொருந்துகிறது. வேறு வேலைக்குக் கட்டியதை மாற்றிக்கொள்வதில் அதற்குப் பழக்கம் உண்டு. பாரிமுனைக் கட்டடத்தின் சிக்கல் நேர் எதிர். ஒரே வேலைக்காக அளவெடுத்துத் தைத்தது, அந்த வேலையே சுருங்கிக்கொண்டு வருகிறது. 1986-இல் ஸ்பீடு போஸ்ட் வந்தது. 2025-இல் ரெஜிஸ்டர் தபால் அதற்குள்ளேயே கரைந்தது. 352 அடி நீளத்துக்குக் கடிதம் ஓடவேண்டிய தேவை இப்போது இல்லை.

அதனால் இதை முழுக்க அருங்காட்சியகமாக்கலாம் என்று ஒரு கட்சி பேசுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சேமிப்புக் கணக்குக்கும் ஆதார் திருத்தத்துக்கும் பார்சலுக்கும் ஜார்ஜ் டவுன் மக்கள் நடந்து வரக்கூடிய இடம் தபால் நிலையம். 1880-களில் அந்தப் பெரிய கூடம் எதற்காகப் பயன்பட்டதோ, அதாவது பண விஷயமாக நேரில் வரும் சனங்களுக்காக, அந்த வேலை இன்னும் நடக்கிறது. கடிதம்தான் குறைந்திருக்கிறது, வரிசை குறையவில்லை. ஆகவே கவுண்டர்கள் கூடத்திலேயே இருக்கட்டும். காலியாகும் பிரிப்பு அறைகளில் ஒரு பகுதியைத் துறைமுகம், பர்மா, மணியார்டர் என்று இந்தக் கரையின் கதைக்கு ஒதுக்கலாம்.

கோபுரத் தொப்பிகளை மறுபடி வைக்கவேண்டும் என்ற கோரிக்கைக்கு வருகிறேன். பழைய படங்கள் இருக்கின்றன, திருவனந்தபுரத்தில் சிசோமின் கூரை முன்மாதிரியாக நிற்கிறது, செய்ய முடியாத காரியமில்லை. ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். முதலில் மழைநீர் வடிகால், பிறகு மின்கம்பிகள், பிறகு சிமெண்டுப் பூச்சை உரித்துச் சுண்ணாம்புக்குத் திரும்புவது. இந்த மூன்றுக்கும் பணம் ஒதுக்கி முடித்த பிறகு மிச்சமிருந்தால் தொப்பியைப் பற்றிப் பேசலாம்.